பத்து சென்டிமீட்டர்

மார்ச் 4

வீடில்லாத வீட்டுக்காரிக்கு,

நாலு மாசமாக நீ போனை எடுப்பதில்லை. எடுத்தால் நான் பேசுவேன், பேசினால் உனக்குச் சிரிப்பு வந்து தொலைக்கும், அப்புறம் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று பயம். அதனால் கடிதம். என் கையெழுத்தில் எவருக்கும் சிரிப்பு வராது, தலைவலிதான் வரும். உன் அக்கா வீட்டு விலாசத்தைத் தபால் ஆபீஸில் மூன்று பேர் கூடிப் படித்தார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் மனையில் வேலை ஆரம்பித்துவிட்டேன். அடுத்தவன் மனையை எல்லாம் சுத்தம் பண்ணி, மேடு பள்ளம் நிரவி, மூலை பிடித்து, சுண்ணாம்புக் கோடு போட்டுக் கொடுத்தே கிழவனாகிறவன், சொந்த மனையைப் பன்னிரண்டு வருஷமாக முள்ளுக்கு விட்டிருந்தேன். முள்ளும் நன்றியோடு வளர்ந்திருந்தது. வெட்டி முடிக்க ஆறு நாள். உள்ளேயிருந்து ஒரு சைக்கிள் மணி, ஒரு மூக்குக் கண்ணாடி, இரண்டு செருப்பு கிடைத்தன. செருப்பு இரண்டும் இடது கால். பக்கத்து வீட்டு பைனாகுலர் மதில்மேல் தாடையை வைத்துக்கொண்டு பார்த்தார். (மனுஷர் ஸ்டோர் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர் இல்லையா, இப்போது தெருவையே கணக்கெடுக்கிறார்.) "அதுல ஒண்ணு என்னுதுதான். ஆனா எதுன்னு தெரியல" என்றார். இரண்டையும் கொடுத்துவிட்டேன்.

வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டேன். மூணு பேர் இருந்த வீட்டில் ஒருத்தன் இருந்தால் எதிரொலிக்கிறது. தும்மினால் சமையலறையிலிருந்து பதில் வருகிறது. மனையிலேயே ஒரு தகரக் கொட்டகை போட்டுச் சிமெண்ட் மூட்டைகளோடு குடியிருக்கிறேன். மூட்டைகள் என்னைவிட ஒழுங்காகப் படுத்துக்கொள்கின்றன.

அவசரம் ஏன் என்றால், கட்டட அனுமதி ஏப்ரல் 30 வரைதான். அதற்குள் அஸ்திவாரத்துக்குக் கடப்பாரை விழாவிட்டால் காலாவதி. மறுபடி பிளான் வரைந்து கொடுக்க வேண்டும். வரைந்துகொடுக்க இப்போது யார் இருக்கிறார்கள்? மனை நம் இருவர் பெயரிலும் இருப்பதால் வேலை தொடங்கும் படிவத்தில் உன் கையெழுத்தும் வேண்டும். உள்ளே வைத்திருக்கிறேன். பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடத்தில் போடு.

இப்படிக்கு,
அரணை

*

மார்ச் 11

கத்திரியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தில் முதல் வேடிக்கை வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். அது இரண்டாவது வரி. படிவம் இருந்ததால் மறுநாள் மீதியைப் படித்தேன். இனி அப்படிச் செய்ய மாட்டேன். முதல் வேடிக்கையோடு மடித்து வைத்துவிடுவேன். முக்கியமானதை அதற்கு முன்னால் எழுதிவிடுங்கள்.

கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்காது. எதற்குப் புறப்பட்டோம் என்பதைப் பாதி வழியில் மறந்து நிற்கிறவர் என்றுதானே அவள் உங்களுக்கு அரணை என்று பெயர் வைத்தாள். அதனால் நான் எழுதுகிறேன்.

பதினொரு நாள் காய்ச்சல். இருபத்து நாலு வயதுப் பெண்ணைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். சவப்பெட்டிக்கு அளவெடுக்க வந்த தச்சர் டேப்பை மறந்து வந்துவிட்டார். நீங்கள் உங்கள் துணி டேப்பை எடுத்துக் கொடுத்தீர்கள். ஆறு வயதில் என் கத்திரிக்கோலை எடுத்து, முதல் பத்து சென்டிமீட்டரை அவள் நறுக்கிக்கொண்டு போன அதே டேப். அன்றைக்குத்தான் அவளுக்குக் கத்திரி என்று பெயர் வந்தது. புதிது வாங்குங்கள் என்றால் கேட்கவில்லை. 'பத்து'க் கோட்டிலேயே பிடித்து, ஒன்றை அளந்தால் பத்தைக் கழிப்பது, கோடு போட்டால் பத்தைச் சேர்ப்பது என்று பதினெட்டு வருடம் ஓட்டினீர்கள். நீங்கள் மறப்பீர்கள். மறுமுனையைப் பிடித்திருக்கும் அவள் "பத்து!" என்று தெருவே கேட்கிற மாதிரி கத்துவாள்.

தச்சரிடம் நீங்கள் சொன்னது இதுதான். "பத்தைக் கழிச்சிடுங்க. இல்லேன்னா இவ போற நேரத்துல பத்து சென்டிமீட்டர் வளர்ந்துட்டதா ஆயிடும். குள்ளம்னு சொல்லிச் சொல்லி வெறுப்பேத்தினோம், சந்தோஷத்துல எந்திரிச்சு உக்காந்துடுவா."

கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். என் அக்கா வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் உள்ளே அவளுக்குப் போடவேண்டிய கடைசிச் சட்டையின் கையைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். ஊசி என் விரலில் ஏறியது அந்தச் சிரிப்புச் சத்தத்தில்தான்.

பிளான் அவள் வரைந்தது. மூன்று அறை. ஒன்றில் 'அரணை', ஒன்றில் 'அம்மாவும் மிஷினும்', ஒன்றில் 'நான்' என்று எழுதியிருந்தாள், அலுவலகத்துக்குக் கொடுக்கும்போது அழித்தாள். உங்கள் கடிதத்தில் செருப்புக்கு நாலு வரி இருக்கிறது. மூன்றாவது அறைக்கு ஒரு வார்த்தை இல்லை. அதை என்ன செய்யப் போகிறீர்கள்? சொல்லுங்கள். கையெழுத்தைப் பிறகு பார்க்கலாம்.

அவள் அம்மா

*

மார்ச் 17

அவள் அம்மாவுக்கு,

முக்கியமானதை முதலில் எழுதுகிறேன். மூன்றாவது அறையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

முக்கியமானது அவ்வளவுதான். இனி வேடிக்கை வரலாம், நீ மடித்து வைத்துவிடலாம்.

மடித்துவிட்டாயா? சரி. அப்படியானால் இனிமேல் நான் எனக்கே எழுதிக்கொள்கிறேன்.

மேல்மண்ணை ஒரு அடி வழித்து எடுத்தாகிவிட்டது. மண் தள்ளும் இயந்திரத்தை ஓட்டி வந்தவன் நேற்றுத்தான் அதை முதல் தடவையாகப் பார்த்தவன் மாதிரி ஓட்டினான். நம் மனையை நிரவியதோடு பைனாகுலரின் மதிலிலும் இரண்டடியை நிரவிவிட்டான். பைனாகுலர் கோபப்படுவார் என்று பயந்தேன். "பரவாயில்ல சார், இப்ப உக்காந்துக்கிட்டே பார்க்கலாம்" என்று நாற்காலி கொண்டுவந்து போட்டுக்கொண்டார்.

வழித்த பிறகுதான் தெரிந்தது, மூன்றாவது அறை வரவேண்டிய இடத்தில் எப்போதோ வெட்டிய ஒரு மரத்தின் அடிக்கட்டை இருக்கிறது. மேலே ஒன்றுமே தெரியவில்லை. கீழே வேர் நாலு பக்கமும் ஓடியிருக்கிறது. "மேல மட்டும் சீவிட்டு மண்ணைப் போட்டு மூடிடலாம் சார், யாருக்குத் தெரியப் போகுது" என்றார் மேஸ்திரி. நான் விடவில்லை. மூடினால் வேர் உள்ளேயே மக்கும், மண் இறங்கும், நாலாவது வருஷம் சுவர் பிளக்கும். ஐந்து நாளாகத் தோண்டுகிறோம். இன்னும் வருகிறது. குழியில் கல்லும் மண்ணும் போட்டு, தண்ணீர் விட்டு, அடுக்கடுக்காகத் திமிசு போட்டு இடிக்க வேண்டும். நானும் இடிக்கிறேன். இடுப்பு, தான் இருக்குமிடத்தை அடிக்கடி நினைவூட்டுகிறது. சகலையிடம் சொல்லாதே, தைலம் அனுப்பி வைத்துவிட்டு ஊரெல்லாம் சொல்வார்.

நீ நிச்சயம் இந்த இடம்வரை படித்திருக்க மாட்டாய். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். அன்றைக்குக் கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அரணை

*

மார்ச் 25

கத்திரியின் அப்பாவுக்கு,

சொன்னபடி மடித்து வைத்துவிட்டேன்.

தெரியவில்லை என்பது ஒரு பதிலா என்று அன்றைக்கு முழுக்கக் கோபமாக இருந்தது. பள்ளிக்கூடச் சீருடை நாற்பது தைக்க எடுத்திருக்கிறேன். அதில் பதினொரு சட்டைக்குக் காலரைத் தலைகீழாக வைத்துவிட்டேன். பிரித்துக்கொண்டே யோசித்தேன். அந்த அறை வேண்டாம் என்று விட்டால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். சாமான் வைக்கலாம், வருகிறவர்கள் தங்கலாம் என்றாலும் போட மாட்டேன். அவளுக்காக அப்படியே இருக்கட்டும் என்று நீங்கள் எழுதியிருந்தால்கூடப் போட்டிருப்பேனா, தெரியவில்லை.

ஆக எனக்கும் தெரியவில்லை. இதை எழுதுவதற்கு எனக்கு ஒரு வாரம் ஆனது.

அக்கா வீட்டுக்காரர் தைலம் வேண்டுமா என்று கேட்கிறார். எதற்கு என்று நான் சொல்லவில்லை.

அவள் அம்மா

*

ஏப்ரல் 6

தைலம் வந்து சேர்ந்தது. மடித்து வைத்த காகிதத்தில் இடுப்பு வலி இருந்தது சகலைக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லாதே.

முக்கியமானது: கோடு போட்டாகிவிட்டது. வேர் எல்லாம் எடுத்து, குழி மூடி, டியூபில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்து, முளைக்குச்சி அடித்து, நூல் கட்டி, மூலைக்கு மூலை மூன்று நாலு ஐந்து என்று முக்கோணம் பிடித்து, சுண்ணாம்பு போட்டேன். மூன்று அறையும் போட்டேன். என்ன செய்வதென்று தெரியாவிட்டாலும் கோடு போடலாமே, கோடுதானே, ஒரு மழை வந்தால் போய்விடும் என்று போட்டேன்.

இப்போது ஒரு திருட்டு.

மேஸ்திரி தன் பளபள இரும்பு டேப்பைக் கொண்டுவந்து ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை இழுத்தார். மறுபடி இழுத்தார். தொப்பியைக் கழற்றினார்.

"சார், முப்பது காணோம்."

"என்ன முப்பது?"

"முப்பது சென்டிமீட்டர் சார். பிளானைவிட வீடு குட்டையா இருக்கு."

"மூலைவிட்டம் பார்த்தியா?"

"அதெல்லாம் சுத்தமா இருக்கு. மூலை நூல் பிடிச்ச மாதிரி நிக்குது. நீளந்தான் இல்ல."

நாற்காலியிலிருந்து பைனாகுலர் எழுந்தார். "நான் காலையிலேருந்து பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். யாரும் வந்து எடுக்கல" என்றார்.

முப்பது வருஷமாகக் கோடு போடுகிறேன். ஒரு விரற்கடைகூடப் பிசகினதில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன். மேஸ்திரிமேல் சந்தேகப்பட்டேன், அவர் டேப்மேல் சந்தேகப்பட்டேன், வெயிலில் மண் சுருங்கியிருக்குமோ என்றுகூடப் பேசினேன். மேஸ்திரி என்னைப் பார்த்த பார்வையில் சம்பளம் வருமா என்ற கவலை தெரிந்தது. அறை அறையாகத்தான் அளந்தேன். எங்கே போயிற்று என்று உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

அரணை

*

ஏப்ரல் 11

மூன்று அறை. மூன்று பத்து.

நீங்கள் உங்கள் டேப்பில்தானே அளந்தீர்கள்?

அன்றைக்கு அத்தனை பேர் நடுவில் மறக்காமல் சொன்னீர்கள். இன்றைக்கு மறந்துவிட்டீர்களா?

*

ஏப்ரல் 16

அவள் அம்மாவுக்கு,

இதில் வேடிக்கை எதுவும் வராது. கடைசிவரை படி.

நான் மறக்கவில்லை.

டேப்பின் முனையை அங்கே ஒரு முளைக்குச்சியில் கட்டிவிட்டு இந்தக் கோடிக்கு வருவேன். இழுத்துப் பிடிப்பேன். பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வரும் என்று காத்திருப்பேன். பதினெட்டு வருஷப் பழக்கம். காதுதான் முதலில் அந்தப் பக்கம் திரும்பும், அப்புறம்தான் கை வேலை செய்யும். சத்தம் வராது. நானே சொல்லிக்கொண்டு சேர்க்கலாம், ஒரே ஒரு சொல்தானே. சேர்த்தால் அங்கே யாரும் இல்லை என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதனால் முளையை அடித்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டேன். ஒவ்வொரு தடவையும் தெரிந்தேதான் அடித்தேன். உனக்கு எழுதும்போதுதான் திருட்டு, வெயில் என்று கதை விட்டேன்.

அந்தக் கூடத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். டேப்பின் ஒரு முனை அவள் தலைமாட்டில் இருந்தது, இன்னொரு முனை தச்சர் கையில். அவர் அளவைப் படிக்கப் போகிறார். யாராவது சொல்லியாக வேண்டும். சொல்ல வேண்டியவள் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறாள். நான் சொன்னேன். அவள் வேலையைச் செய்தேன், அவ்வளவுதான். அந்த வார்த்தை வாயை விட்டு வந்ததும் கூடத்தில் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எப்போது வாயைத் திறந்தாலும் என்னைப் பார்த்துச் சிரித்துப் பழகின முகங்கள். அத்தனை முகமும் காத்துக்கொண்டிருந்தபோது மீதி தானாக வந்துவிட்டது.

பத்தைக் கழிச்சிடுங்க என்றது அவளுக்காக. அதற்குப் பின்னால் சொன்னதெல்லாம் நான் பயந்துபோய்ச் சொன்னது. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அஞ்சு மாசம் கழித்துக் கேட்கிறேன், தெரியும்.

அன்றைக்குப் பிறகு அந்தச் சொல் எனக்கு வரவில்லை.

முதல் இரண்டு அறையையும் மேஸ்திரி தன் டேப்பில் திருத்திவிட்டார். மூன்றாவதைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கோட்டைப் பெருக்கிவிட்டேன், வெறும் மண்ணாக இருக்கிறது. இன்னும் பதினாலு நாள் இருக்கிறது. நீ போட வேண்டாம் என்று நினைத்தால் போட வேண்டாம். அனுமதி போனால் போகட்டும்.

*

ஏப்ரல் 21

கத்திரியின் அப்பாவுக்கு,

மார்ச் 17ஆம் தேதிக் கடிதத்தை நான் மடித்து வைக்கவே இல்லை. கடைசி வரிவரை அன்றைக்கே படித்துவிட்டேன். அந்த வரியை நம்ப எனக்கு இத்தனை நாள் பிடித்தது.

நான் கிளம்பும்போது எடுத்துவந்த பையில் அவளுடைய துணிப் பொம்மை இருக்கிறது, நீங்கள் தேடியிருப்பீர்கள். அதன் இடுப்பில் ஒரு பெல்ட் உண்டு. ஒன்று, இரண்டு என்று பத்துவரை எண் போட்ட மஞ்சள் பெல்ட். அதற்காகத்தான் வெட்டினாள். நேற்று வெளியே எடுத்து என் தையல் டேப்பை வைத்து அளந்து பார்த்தேன். வெட்டு கோணல். மேல் ஓரத்தில் பத்து இருக்கிறது, கீழ் ஓரத்தில் ஒன்பதே முக்கால்தான். பதினெட்டு வருடமாக நீங்கள் ஊருக்கெல்லாம் போட்ட கோடு மேல் ஓரத்துக் கணக்கா, கீழ் ஓரத்துக் கணக்கா என்று பைனாகுலரைத்தான் கேட்க வேண்டும்.

இதைப் படித்துச் சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எழுதும்போது எனக்கு வந்தது. பிறகு வேறு மாதிரி ஆகிவிட்டது. அக்கா மாடிக்கு ஓடிவந்து என்ன என்ன என்று கேட்டாள்.

பெல்ட்டை அனுப்ப மாட்டேன். கேட்காதீர்கள்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். 28ஆம் தேதி முதல் பஸ்ஸில் வருகிறேன். மூன்றாவது அறைக்கு நான் முனையைப் பிடிக்கிறேன். உங்கள் டேப்தான், மேஸ்திரியுடையது வேண்டாம். அவரை அன்றைக்கு வரச் சொல்லாதீர்கள். மதியம் பஸ்ஸில் திரும்பிவிடுவேன், சீருடை பாக்கி இருக்கிறது. தங்கச் சொல்லக் கூடாது. எப்போது வருவாய் என்றும் கேட்கக் கூடாது. குடிக்கத் தண்ணீர் மட்டும் வைத்திருங்கள்.

அவள் அம்மா

*

மே 2

வீட்டுக்காரிக்கு,

30ஆம் தேதி காலை ஏழு மணிக்கு அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்தோம். அனுமதி பிழைத்தது. முதல் கடப்பாரையைப் போடச் சொல்லி மேஸ்திரி என்னிடம் நீட்டினார். போட்டேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. மீதியை அவர்கள் தோண்டினார்கள்.

அன்றைக்கு நீ பஸ் ஏறின பிறகு கொட்டகைக்கு வந்து உட்கார்ந்தேன். உன் தண்ணீர்ச் செம்பு பாதி அப்படியே இருந்தது. வழக்கமாக எனக்குத் தோன்றுகிற வேடிக்கை எதுவும் தோன்றவில்லை. பைனாகுலர்கூட அன்றைக்கு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அதை நீ கவனித்தாயோ என்னவோ. நான் கவனித்தேன்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நீ மண்ணில் மண்டியிட்டுக் கட்டை விரலால் முனையை அழுத்திப் பிடித்தாய். நான் இந்தக் கோடியில் இழுத்துப் பிடித்தேன். நீ சொல்வாய் என்று நான் நின்றேன். நான் சொல்வேன் என்று நீ குனிந்தே இருந்தாய். அப்புறம் நான் முளையை அடித்தேன். நீ எழுந்து சேலையில் ஒட்டின மண்ணைத் தட்டினாய். இருவரும் சுண்ணாம்பு போட்டோம். உன் கோடு நேராக வந்தது, என்னுடையதுதான் கோணலாகப் போனது.

மறுநாள் மேஸ்திரி தன் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார்.

"சார், இந்த அறை பத்து குறையுது."

"தெரியும்."

"திருத்திடட்டுமா? முளையைப் பிடுங்கி அடிக்க ஒரு நிமிஷம்."

"வேண்டாம். கூடினாத்தான் ஆபீஸ்ல கேப்பாங்க. குறைஞ்சா கேக்க மாட்டாங்க."

"அதுக்கில்ல சார். தெரிஞ்சே எதுக்குக் குறைவா கட்டணும்?"

"குறைவு இல்ல. மீதி பத்து அவ அம்மாகிட்ட இருக்கு" என்றேன்.

மேஸ்திரி சிரித்தார். கூட இருந்த ஆட்களும் சிரித்தார்கள். நல்ல மனுஷர்கள், பிழை சொல்ல மாட்டேன். சார் இன்னிக்குத்தான் பழையபடி ஆனாரு என்று சொல்லிக்கொண்டே நூலைப் பிடித்தார்கள்.

நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை. உனக்குத் தெரியும்.

அரணை